மிதவையும் ஊசியும்

இன்றைய உரைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் உள்ளங்கையில் அடங்குவது. ஸ்கூட்டரின் எஞ்சினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர் என்ற சிறு கருவியே அது. அதனுள்ளும் அதற்கு வரும் ஒரு நோயைப் பற்றி மட்டுமே பேசப் போகிறேன். அந்நோய், பெட்ரோல் ஒழுகுதல். மன்னர்களும் போர்களும் உடன்படிக்கைகளும் நிரம்பிய வரலாற்று வகுப்பில் இதற்கு இடம் உண்டோ என்று மாணவர்கள் வினவக்கூடும். ஒரு துளி பெட்ரோல் ஏன் சொட்டுகிறது, அதை யார் எவ்வாறு நிறுத்தினர் என்று கேட்டுக்கொண்டே சென்றால், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு நீர்க்கடிகாரத்தையும், போரில் சிதைந்த ஓர் இத்தாலியத் தொழிற்சாலையையும், நம் நாட்டில் பண்டங்கள் அருகியிருந்த ஒரு காலத்தையும் வழியிலே கண்டுகொள்ளலாம்.

மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே, சிவகிரிக்கு அண்மையில் உள்ளது ராயகிரி. சங்கரன்கோவில் வட்டாரத்தைச் சேர்ந்த அவ்வூர், 2019-ஆம் ஆண்டு திருநெல்வேலி மாவட்டம் பிரிக்கப்பட்டபோது தென்காசி மாவட்டத்தில் அடங்கிற்று. அத்தகைய ஊர்களில் 1960-களிலும் 1970-களிலும் ஸ்கூட்டர் வைத்திருந்தவர் சிலரே. மருத்துவர் ஒருவர், பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர், வணிகர் இருவர் மூவர் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். விடியற்காலையில் வண்டியை எடுக்க வந்தவர், அதன் அடியில் ஈரத்தையும் திண்ணையெங்கும் பெட்ரோல் நெடியையும் கண்டாரானால், அன்றைய பயணம் பட்டறை வாசலோடு நின்றுவிடும். "ஓவர்ஃப்ளோ ஆகுது சார்" என்று மெக்கானிக் ஒரே சொல்லில் நோயின் பெயரைக் கூறிவிடுவார். அச்சொல் ஆங்கிலமாயினும் அதன் பொருள் நம் நாட்டு உழவர்க்குப் புதியதன்று. நிரம்ப வேண்டிய அளவுக்கு மேல் நிரம்பி வழிதல் என்பதே அது.

ஏன் நிரம்பி வழிகிறது? இதனை உணர, கார்புரேட்டர் செய்யும் வேலையை முதலில் காண்போம். பெட்ரோல் தனியே எரியாது. ஒரு கிராம் பெட்ரோல் முழுதும் எரிய ஏறத்தாழ 15 கிராம் காற்று வேண்டும். பெட்ரோல் மிகுந்தால் புகையும் கரியும் தோன்றும். குறைந்தால் எஞ்சின் இருமி நின்றுவிடும். இக்கலவையைச் செய்வதற்கு ஓர் இடுங்கிய கழுத்தின் வழியே காற்று செலுத்தப்படுகிறது. ஆறு குறுகிய இடத்தில் விரைந்து ஓடுவதுபோலக் காற்றும் அங்கே விரைகிறது. விரையும்போது அதன் அழுத்தம் குறைகிறது. இவ்வுண்மையை விரிவாக ஆராய்ந்து 1797-இல் வெளியிட்டவர் வெந்தூரி என்ற இத்தாலிய அறிஞர். அழுத்தம் குறைந்த அவ்விடத்தில் ஜெட் எனப்படும் நுண்துளை ஒன்றை வைத்தால், பெட்ரோல் தானே மேலெழுந்து தூவலாகச் சிதறும்.

இங்கேதான் சிக்கல் தோன்றுகிறது. ஜெட்டின் பின்னே நிற்கும் பெட்ரோலின் மட்டம் அதன் வாய்க்குச் சற்றே கீழே எப்போதும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். மட்டம் தாழ்ந்தால் எஞ்சின் பட்டினி கிடக்கும். உயர்ந்தால், எஞ்சின் ஓடாதபோதும் பெட்ரோல் வாய்வழியே வழிந்துகொண்டிருக்கும். தொட்டியில் பெட்ரோல் நிறைந்திருப்பினும் குறைந்திருப்பினும், வண்டி ஏற்றத்தில் சென்றாலும் இறக்கத்தில் சென்றாலும், அம்மட்டம் மாறலாகாது. இதைக் காக்கும் காவலர் இருவர்: ஒரு மிதவை, ஓர் ஊசி. சிறு கிண்ணம் ஒன்றில் பெட்ரோல் இறங்க இறங்க மிதவை மேலே எழும்புகிறது. எழும்பும் மிதவை கூம்புமுனை கொண்ட ஊசியை உயர்த்தி, பெட்ரோல் வரும் துளையை அடைக்கிறது. பெட்ரோல் செலவானதும் மிதவை தாழ்கிறது, ஊசி இறங்குகிறது, துளை திறக்கிறது.

நம் தென்பாண்டி நாட்டுக் குளங்களில் குமிழித் தூம்பு என்ற அமைப்பைக் கண்டவர்க்கு இது எளிதில் விளங்கும். குளத்தினுள்ளே இரு கல்தூண்கள் நிற்கும். அவற்றின் இடையே உள்ள துளையை ஒரு மூடி அடைத்திருக்கும். நீர்பாய்ச்சி நீரில் இறங்கி அம்மூடியைத் தூக்கினால் வயலுக்கு நீர் பாயும், இறக்கினால் நிற்கும். கூம்பும் துளையும் என்ற அமைப்பில் இரண்டும் ஒன்றே. குளத்தில் மூடியைத் தூக்க ஒரு மனிதன் வேண்டும். கார்புரேட்டரில் அம்மனிதனுடைய வேலையை மிதவை செய்கிறது. குமிழித் தூம்பில் நீர் செல்ல நீரோடித் துளையும், வண்டல் வெளியேறச் சேறோடித் துளையும் தனித்தனியே அமைத்தனர் நம் முன்னோர். இத்தாலியர் செய்த ஸ்கூட்டர் கார்புரேட்டரிலோ சேறோடி இல்லை! பின்னாளில் வந்த மோட்டார் சைக்கிள் கார்புரேட்டர்கள் பலவற்றின் கிண்ணத்தடியில் வடிகால் திருகு ஒன்று வைக்கப்பட்டது. அதுவே அவற்றின் சேறோடி எனலாம்.

நீர்பாய்ச்சியின் வேலையை மிதவைக்குக் கொடுத்த முதல் மனிதர் எவர்? கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த தெசிபியஸ் என்ற கிரேக்கர் என்று பொறியியல் வரலாற்றாசிரியர் பலர் கருதுவர். நீர்க்கடிகாரம் சரியான நேரத்தைக் காட்ட வேண்டுமாயின், நீர் சொட்டும் பாத்திரத்தில் நீர்மட்டம் மாறாதிருக்க வேண்டும். அதற்கு அவர் மிதக்கும் கூம்பு ஒன்றைப் பயன்படுத்தினார் என்பர். இன்று நம் வீட்டு மாடித் தொட்டிகளில் மிதக்கும் பந்தும் அதே வழியில் வந்ததே.

எஞ்சின் தோன்றியபோது அதைச் செய்தவர்கள் இவ்வழியை உடனே நாடவில்லை. 1886-இல் உரிமம் பெற்ற கார்ல் பென்ஸின் வண்டியில், பெட்ரோல் நிறைந்த பாத்திரத்தின் மேற்பரப்பில் எழும் ஆவியைக் காற்றோடு சேர்த்து இழுத்துக்கொள்ளும் முறையே இருந்தது. வெயிலில் ஒரு கலவை, குளிரில் வேறொரு கலவை; மேடு பள்ளத்தில் குலுங்கினால் மற்றொன்று! பெட்ரோலைத் தூவலாகத் தெளிக்கும் முறை 1893-இல் வந்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் ஹங்கேரி நாட்டைச் சேர்ந்த பாங்கி, சோன்கா என்னும் இருவர் அதற்கு உரிமம் கோரினர். அதே ஆண்டில் ஜெர்மானியரான வில்ஹெல்ம் மைபாக் மிதவைக் கிண்ணத்தோடு கூடிய தம் கார்புரேட்டரை வெளிக்கொணர்ந்தார். பூ விற்கும் பெண்ணொருத்தி மலர்கள்மீது நீர் தெளித்ததைக் கண்டே ஹங்கேரியர்க்கு அவ்வெண்ணம் உதித்தது என்று ஒரு கதை வழங்குகிறது. இத்தகைய கதைகளை நான் அவ்வளவாக நம்புவதில்லை. ஒரே சிக்கலோடு இரு நாட்டில் இரு சாரார் போராடி, ஒரே ஆண்டில் ஏறத்தாழ ஒரே விடையை அடைந்தனர் என்பதே எனக்குப் பெரிய வியப்பு.

இனி ஸ்கூட்டருக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரில் குண்டுகளுக்கு இரையானது இத்தாலியில் பொந்தெதேரா என்ற ஊரில் இருந்த பியாஜியோ விமானத் தொழிற்சாலை. போர் முடிந்ததும் விமானம் செய்ய வழியில்லை. மக்களுக்கோ மலிவான ஊர்தி தேவைப்பட்டது. கொர்ராதினோ தஸ்கானியோ என்ற விமானப் பொறியாளர் வடிவமைத்த வெஸ்பா 1946-இல் பிறந்தது. வெஸ்பா என்பதற்கு இத்தாலிய மொழியில் குளவி என்று பொருள். மறு ஆண்டே, மிலான் நகரின் லம்பிராத்தே பகுதியில் இன்னொசெந்தி என்ற எஃகுக்குழாய்த் தொழிலதிபர் லாம்பிரெட்டாவை வெளியிட்டார். இவ்விரு குடும்பங்களும் இந்தியாவுக்கு வந்தன. 1950-களில் பம்பாயில் ஏ.பி.ஐ. நிறுவனம் லாம்பிரெட்டாவைச் செய்யத் தொடங்கிற்று. முதலில் வெஸ்பாவை இறக்குமதி செய்து விற்ற பஜாஜ் நிறுவனம், 1960-களின் தொடக்கத்தில் பியாஜியோவின் உரிமத்தோடு புனாவுக்கு அருகில் அதனை உருவாக்கலாயிற்று. 1971-இல் அவ்வொப்பந்தம் முடிந்தது. 1972-இல், இராணா பிரதாப்பின் குதிரையின் பெயர் தாங்கிச் சேத்தக் வந்தது.

வந்ததேயன்றி எளிதில் கிடைத்ததில்லை. எத்தனை வண்டி செய்யலாம் என்பதை அரசின் உரிமம் வரையறுத்த காலம் அது. பணத்தைக் கட்டிப் பதிவு செய்துவிட்டுப் பத்தாண்டு வரை காத்திருந்தோர் உண்டு. பிள்ளை பள்ளியில் சேர்ந்தபோது பதிந்த வண்டி, அவன் கல்லூரி வாயிலை எட்டும்போது வந்து சேர்ந்தது என்றால் மிகையன்று. 1973-இன் இறுதியில் மேற்காசியப் போரையொட்டி உலகச் சந்தையில் கச்சா எண்ணெயின் விலை சில மாதங்களுக்குள் ஏறத்தாழ நான்கு மடங்காக உயர்ந்தது. வண்டியும் அரிது, பெட்ரோலும் அரிது, உதிரிப் பாகமும் அரிது. அக்காலத்தில் ஒழுகும் கார்புரேட்டரைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதை மாட்டுவது என்ற எண்ணமே எழ வழியில்லை.

அருமையைத் திறமையால் ஈடுசெய்யும் வழக்கம் தமிழ்நாட்டு மோட்டார்த் தொழிலுக்குப் புதியதன்று. கோவையின் ஜி. டி. நாயுடு, உணவு விடுதியில் வேலை செய்து சேர்த்த பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதைப் பிரித்துப் பூட்டியே எஞ்சினைக் கற்றார். நெல்லைச் சீமையின் திருக்குறுங்குடியில் பிறந்து மதுரையில் தொழில் நிறுவிய டி. வி. சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம், இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தபோது, மரக்கரியிலிருந்து எழும் வாயுவால் பேருந்துகளை ஓட்டும் கருவியைச் செய்து தந்தது. இவை பெரும் பெயர்கள். பெயர் எழுதி வைக்கப்படாத பட்டறைக்காரர்கள் ஊர்தோறும் செய்த வேலையும் இதே இனத்ததே. அதைச் சற்று விரிவாகவே காண விரும்புகிறேன். ஏனெனில் அது எந்தப் பாடநூலிலும் இல்லை.

மெக்கானிக் முதலில் பார்ப்பது சொட்டும் இடத்தை. இருக்கைக்கு அடியில் உள்ள பெட்ரோல் குழாயின் பிடியைத் திருப்பி அடைக்கிறார். அடைத்தபின்னும் ஈரம் வருமாயின் குற்றம் குழாயிலோ ரப்பர்க் குழலிலோ இருக்கிறது. நின்றுவிட்டால் அது கார்புரேட்டரைச் சேர்ந்தது. அடுத்துத் திருப்புளியின் பிடியால் கார்புரேட்டரின் பக்கத்தில் இரண்டு மூன்று முறை மெல்லத் தட்டுகிறார். பாமரர் இதை மந்திரம் என எண்ணுவர். பழைய ஸ்கூட்டர்களில் பெட்ரோலோடு ஆயில் கலந்தே ஊற்ற வேண்டும். வண்டி சில நாள் நின்றுவிட்டால் பெட்ரோல் ஆவியாகி, ஆயிலும் பிசினும் ஊசியைப் பற்றிக்கொள்ளும். தட்டினால் அந்தப் பிடிப்பு விடுபடும். பாதி வண்டிகள் இத்தோடு வீடு திரும்பிவிடும்.

திரும்பாத வண்டிக்கு மேல்மூடி திறக்கப்படுகிறது. மிதவை தாங்கும் சிறு ஆணியைத் தள்ளி, மிதவையையும் ஊசியையும் வெளியே எடுக்கிறார். மிதவையைக் காதருகே குலுக்குகிறார். உள்ளே சலசலத்தால் அது ஓட்டையாகிப் பெட்ரோல் குடித்திருக்கிறது. மிதக்க வேண்டியது மூழ்குகிறது. ஊசியை உயர்த்த ஆளில்லை. பித்தளை மிதவையாயின் அதை வெந்நீரில் அமிழ்த்துவர். உள்ளிருக்கும் பெட்ரோல் ஆவியாகிக் குமிழியாய் வெளிவரும். குமிழி வரும் இடமே ஓட்டை. பெட்ரோல் முழுதும் வெளியேறிய பின்னரே ஈயம் வைத்து அடைப்பர். ஈயத்தை அள்ளி அப்பிவிட்டால் மிதவையின் எடை கூடும். எடை கூடினால் அது தாழ்ந்து மிதக்கும். தாழ்ந்து மிதந்தால் பெட்ரோலின் மட்டம் முன்னிலும் உயர்ந்து மீண்டும் வழியும். ஒழுகலை அடைத்த ஈயமே ஒழுகலுக்குக் காரணமாகிவிடும்! ஆதலின் தேர்ந்த கைகள் அரிசியளவு ஈயத்தோடு நிறுத்திக்கொள்ளும். ஆர்க்கிமிடீசின் விதியை அவர்கள் பள்ளியில் படித்திராமல் இருக்கலாம். அதன்படியே வேலை செய்தனர். பின்னாளில் வந்த பிளாஸ்டிக் மிதவைக்கு இந்த வைத்தியம் ஏற்காது, மாற்றத்தான் வேண்டும்.

மிதவை நலமாயிருந்தால் ஊசிமுனையைப் பார்ப்பர். நெடுநாள் உழைத்த ஊசியின் கூம்பில் மெல்லிய வளையம்போல் ஒரு தேய்மானம் தெரியும். நகத்தால் தடவினால் தட்டுப்படும். முழுதும் உலோகத்தாலான ஊசியாயின் மெருகுப் பசை தடவி அதன் துளையில் வைத்து விரல்நுனியால் மெல்லச் சுழற்றினால் இரண்டும் ஒன்றோடொன்று இசையும். ஊசியைத் துளையில் வைத்துச் சுத்தியால் ஒரு தட்டுத் தட்டுவோரும் இருந்தனர். அன்றைக்கு ஒழுகல் நிற்கும். சில வாரங்களில் துளை அகன்று முன்னிலும் மோசமாகும். அவசரக்காரரின் வேலை அது. ரப்பர் முனை கொண்ட ஊசிக்கு இவை எதுவும் பொருந்தா.

இத்தனைக்கும் அந்த ஊசி தாங்கும் சுமை எவ்வளவு? மாணவர்கள் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். தொட்டியின் பெட்ரோல் ஊசிக்கு மேலே 30 சென்டிமீட்டர் உயரம் நிற்பதாகவும், துளையின் குறுக்களவு ஒன்றரை மில்லிமீட்டர் எனவும் கொள்வோம். பெட்ரோலின் அடர்த்தி நீரினதில் ஏறத்தாழ முக்கால் பங்கு. பெருக்கிப் பார்த்தால் ஊசியைக் கீழே தள்ளும் சுமை அரை கிராமுக்கும் குறைவு. ஒரு சிறு மிதவை இதை எளிதில் வென்றுவிடும். ஆயினும் தொட்டியின் அடியிலிருந்து வந்த துரு, தலைமயிரின் பருமன்கூட இல்லாத ஒரு தூசு, ஊசிக்கும் துளைக்கும் இடையில் அகப்பட்டுக்கொண்டால் அத்தனை ஏற்பாடும் வீணாகிறது. அதனால்தான் நல்ல மெக்கானிக் ஊசியைச் சரிசெய்ததோடு நில்லாமல், பெட்ரோல் நுழையும் இடத்திலுள்ள சல்லடையையும் தொட்டியையும் கழுவாமல் வண்டியைத் தரமாட்டார்.

மற்றொரு கணக்கும் உண்டு. அது அச்சம் தருவது. பெட்ரோலின் துளி நீர்த்துளியிலும் சிறியது. ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 60 துளி என்று வைப்போம். நொடிக்கு ஒரு துளி வீதம் சொட்டினால், எட்டு மணி நேர இரவில் ஏறத்தாழ அரை லிட்டர் போய்விடும். ஒரு பகுதி எஞ்சினின் அடியறையில் இறங்கி, காலையில் ஸ்பார்க் பிளக்கை நனைத்து, எத்தனை முறை உதைத்தாலும் வண்டியைக் கிளப்பவிடாது. எஞ்சியது தரையில் ஆவியாகும். பெட்ரோல் ஆவி காற்றினும் கனமானது. ஆதலால் மேலே பறந்துவிடாமல் தரையோடு தவழ்ந்து பள்ளங்களில் தேங்கும். வண்டியை வீட்டுக்குள்ளேயே நிறுத்திக் காக்கும் வழக்கமும், பக்கத்தறையில் விறகடுப்பு எரியும் வழக்கமும் இருந்த வீடுகளில் இது எவ்வளவு பெரிய கேடு என்பதை விளக்க வேண்டியதில்லை. ஒழுகும் வண்டியைத் திறந்த வெளிக்குத் தள்ளுவதும், குழாயை மூடுவதும், பீடியை அணைப்பதும் முதல் வேலைகள். பெட்ரோல் தீயை நீர் ஊற்றி அணைக்க முயன்றால் அது நீரின்மேல் மிதந்து பரவும்; பட்டறைகளில் மணல் வாளி தொங்கியதன் காரணம் அதுவே.

ஒழுகுதல் எப்போதும் குற்றமாகக் கருதப்பட்டதுமில்லை. பழைய ஸ்கூட்டரைக் குளிர்காலக் காலையில் ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்திருந்து, பின் நிமிர்த்தி உதைத்த காட்சியை நாட்டில் அறியாதார் அரியர். சாய்க்கும்போது மிதவை தன் நிலையிலிருந்து விலகி ஊசி சற்றே திறக்க, மிகுதியான பெட்ரோல் இறங்கும். குளிர்ந்த எஞ்சினுக்கு அது உதவும் என்று மெக்கானிக்குகள் விளக்குவர்.

காலம் மாறியது. 1980-களில் புதிய நிறுவனங்கள் புகுந்தன. காத்திருப்போர் பட்டியல் கரைந்தது. 2009-இல் பஜாஜ் தன் ஸ்கூட்டர்களைக் கைவிடுவதாக அறிவித்தது. 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் முதல் பாரத் ஆறாம் நிலைப் புகைக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தபோது, புதிய இரு சக்கர வண்டிகளிலிருந்து கார்புரேட்டர் பெரும்பாலும் மறைந்தது. அவற்றில் ஒரு பம்பு பெட்ரோலை அழுத்தித் தள்ள, மின்னணுக் கருவி அளந்து தெளிக்கிறது. மிதவைக்கும் ஊசிக்கும் அங்கே வேலையில்லை. காதருகே குலுக்கிப் பார்க்க எதுவும் இல்லை. அதே ஆண்டின் தொடக்கத்தில் சேத்தக் என்ற பெயர் மீண்டும் சாலைக்கு வந்தது; அந்த வண்டி மின்கலத்தால் ஓடுவது.

எனினும் பழைய வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றுக்கு இப்போது புதிய காரணத்தால் பழைய நோய் வருகிறது. நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் என்னும் சாராயப் பொருளைக் கலக்கும் அளவு 2022-இல் பத்து விழுக்காட்டையும் 2025-இல் இருபது விழுக்காட்டையும் எட்டிற்று. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். ஈரம் கார்புரேட்டரின் துத்தநாகக் கலவை உடலை அரித்து வெண்பொடியாக்கும். அப்பொடி ஊசித்துளையில் வந்து அமரும். அக்காலத்து ரப்பர் வளையங்களும் முனைகளும் இந்தக் கலவையில் உப்பியோ இறுகியோ போகின்றன. ஆகவே பழைய ஸ்கூட்டரைப் பேணுவோர் எத்தனாலைத் தாங்கும் வகை ரப்பர் கொண்ட ஊசியைத் தேடி வாங்குகின்றனர். வண்டியைச் சில வாரம் நிறுத்த வேண்டியிருந்தால், பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, கிண்ணத்தில் எஞ்சியது தீர்ந்து எஞ்சின் தானே நிற்கும்வரை ஓடவிட்டு, அதன்பின் சாவியை எடுக்கின்றனர்.